தந்திக்காரியின் வெள்ளைத் தொப்பி

லிப்ராதா என்னுடைய பழைய நர்ஸ் சீருடையின் கைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் மழுங்கல். துணியைப் பல்லால் கடித்து, மிச்சத்தை இரண்டு கையாலும் இழுத்துக் கிழித்தாள். மேஜைமேல் மாவு மூட்டைத் துணியில் தைத்த அகலத் தொப்பி ஒன்று கிடந்தது. சைக்கிளில் போகும்போது காற்று விளிம்பைத் தூக்கிவிட்டால் தொப்பி இருந்தும் பயனில்லை. அதனால் விளிம்புக்குள் சைக்கிள் சக்கரத்தின் பழைய கம்பி ஒன்றை வளைத்துச் செருகி, தாடைக்குக் கீழே கட்ட நாடாவும் வைத்து நான்தான் தைத்தேன்.

"எல்லாமே வெள்ளையா இருக்கேடி," என்றாள்.

"கார்தெனாஸ் ஊர் முழுக்கத் தேடு. வேற நிறத்துல ஒரு முழம் துணி கிடைச்சா எனக்கும் சேர்த்து வாங்கிட்டு வா," என்றேன்.

எங்கள் தீவுக்கு எண்ணெய்க் கப்பல்கள் வருவது நின்றுபோன தொண்ணூற்று மூன்றாம் வருடம் அது. கடையில் அரிசி இல்லை, துணி இல்லை, சோப்பு இல்லை, வண்டிகளுக்குப் பெட்ரோல் இல்லை. ஊரே சீனத்துச் சைக்கிளில் ஏறியிருந்தது. அந்தப் பசி யாருக்கும் திரும்ப வர வேண்டாம். ஆனால் காலை ஏழு மணிக்கு மோட்டார் சத்தமே இல்லாமல், ஆயிரம் சங்கிலிகள் ஓடும் சத்தமும் குதிரைக் குளம்புச் சத்தமும் மட்டும் கேட்ட தெருக்கள் எனக்கு இன்னும் காதில் இருக்கின்றன.

லிப்ராதா நண்டு பிடிப்பவரின் மகள். இருபத்தைந்து வயதில் தபால் பையைத் தோளில் மாட்டினாள். பொம்பளை கொண்டுவரும் தந்தியில் பாதிச் செய்தி வழியிலேயே சிந்திவிடும் என்று ஆண்கள் கேலி பேசினார்கள். ஒரு சொல்லும் சிந்தியதில்லை. இரண்டு கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு முறையும் சலித்துப்போனது அவளுக்குத்தான். தெரு மட்டும் சலிக்கவில்லை. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் சாவுத் தந்தியை மகனிடம் கொடுக்க வேண்டும், எந்த வீட்டில் மகனிடம் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த வருடம், நாற்பத்து நான்காம் வயதில், அவளுடைய கன்னங்கள் இரண்டிலும் மூக்கின் மேலும் கருஞ்சிவப்பாகத் திட்டு படர்ந்தது. லூபஸ். வெயில் பட்டால் சீறும் நோய். எங்கள் மருத்துவர் மாத்திரை எழுதினார். அக்டோபரில் மருத்துவக் குழு பார்க்கும், அதற்குள் திட்டு அடங்காவிட்டால் அவளை உள்வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார். உள்வேலை என்றால் முத்திரை குத்தும் அறை. அதற்குச் சன்னல் கிடையாது.

மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன். துத்தநாகப் பொடியை வாசலினில் குழைத்து முகத்துக்குப் பூச்சு. கழுத்துவரை மூடிய சட்டை, என் சீருடையின் கைகளில் தைத்த விரல்வரை மூடும் உறை, தொப்பி. பதினொன்றிலிருந்து மூன்றுவரை நிழலை விட்டு வெளியே வரக் கூடாது. மற்றதையெல்லாம் கேட்டாள். கடைசியை மட்டும் கேட்கவில்லை. பையில் தந்தி இருக்கும்போது அவளால் உட்கார முடியாது.

அந்த உடையில் அவள் முதல்முறை கிளம்பிய அன்று மாலை என் சமையலறைக்கு வந்து நாற்காலியில் விழுந்து சிரித்தாள். கண்ணீரில் பூச்சு கரைந்தது.

"ஓர்டென்சியா, எனக்குச் சாமி ஏத்திட்டாங்கன்னு ஊரே நினைக்குதுடி!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சாமிகளில் ஒன்றைச் சடங்கு செய்து தலையில் ஏற்றியவர்களை இயாவோ என்போம். ஓராண்டு தலைமுதல் கால்வரை வெள்ளை. உச்சிவெயிலில் தெருவில் நிற்கக் கூடாது. கையிலிருந்து கைக்கு எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. பேர் சொல்லியும் கூப்பிடமாட்டார்கள்.

"தந்தியை நீட்டினா யாரும் வாங்கமாட்டேங்கறாங்க. கீழ வைம்மா, கீழ வைம்மாங்கறாங்க. முடிதிருத்தற எவேலியோ இருக்கானே, இத்தனை வருஷமா 'ஏய் தந்திக்காரி'ன்னு கத்தினவன், இன்னைக்கு எழுந்து நின்னு 'உச்சி வேளைங்க, உள்ள வாங்க'ங்கறான்! சைக்கிளைப் பிடுங்கி நிழல்ல நிறுத்திட்டான். சர்க்கரைத் தண்ணி வேற."

"எத்தனை மணிவரைக்கும் உட்கார வெச்சான்?"

"மூணு மணி."

"அப்ப வாயைத் திறக்காதே," என்றேன். "நான் சொல்லிக் கேட்காததை ஊர் சொல்லிக் கேக்கற. நல்லதுதானே."

இதைச் சொன்னது நான்தான். அதை மறைக்கப் போவதில்லை.

ஜூன் போனது, ஜூலை போனது. ஒவ்வொரு தெருவிலும் யாராவது அவளைப் பன்னிரண்டு மணிக்குள் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். மூன்றுக்குப் பிறகு இருட்டும்வரை மிதித்துத் தந்திகளைச் சேர்த்தாள். ஆகஸ்டில் திட்டு மங்கியது. மூக்கின் மேல் அவளுடைய சொந்தத் தோலை நான் திரும்பப் பார்த்தேன்.

ஆகஸ்டு கடைசியில் தோமிதிலா இரத்த அழுத்தம் பார்க்க வந்தாள். எங்கள் பகுதியில் பாதிப் பேருக்குச் சாமி ஏற்றிவைத்தவள் அவள். நான் கையில் பட்டை சுற்றும்போது கேட்டாள்:

"அந்தத் தபால்காரிக்கு யாரு ஏத்தினது?"

நான் காற்றை அடித்துக்கொண்டே இருந்தேன்.

"மெதுவா அடி, கை போயிரும். இந்த ஊர்ல எனக்குத் தெரியாம யாருக்கும் ஏத்தினதில்ல. கழுத்துல மணி எங்கே? மணிக்கட்டுல காப்பு எங்கே? சட்டைக்குள்ள இருக்குன்னு மத்தவங்க நினைக்கலாம். நான் நினைப்பேனா?"

சொல்லிவிட்டேன். நோய், குழு, சன்னலில்லாத அறை எல்லாவற்றையும்.

"மூஞ்சியைக் காப்பாத்திக்கட்டும், நல்லா இருக்கட்டும்," என்றாள். "வெள்ளை உடுத்தினதுக்கு நான் கோவிக்கல. ஆனா எழுந்து நிக்கறாங்களே, அது அவளுக்காக இல்லம்மா. நர்ஸ் வேஷம் போட்டுட்டு ஒருத்தி உன் நோயாளிக்கு ஊசி போட்டா நீ சும்மா இருப்பியா?"

இருக்கமாட்டேன். அழுத்தத்தை இரண்டு முறை அளந்தேன். அவளுக்குச் சரியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் லிப்ராதாவிடம் சொன்னேன். அவள் தொப்பி நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"உண்மையைச் சொன்னா நாளையிலிருந்து ஒருத்தனும் என்னை நிழலுக்குக் கூப்பிடமாட்டான்."

"நீயே போய் உட்காரு."

"மாட்டேன்னு உனக்குத் தெரியும். தந்தியைக் கையில வெச்சுக்கிட்டு நான் எப்படி உட்காருவேன்? இன்னும் ஒரே மாசம் இருக்கு, ஓர்டென்சியா. ஒரே மாசம்."

"தெரியும். சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அதுக்காக இப்ப அது சரியாயிடாது."

அவள் எழுந்து, என் சமையலறைச் சன்னலில் தொங்கிய திரையை உருவினாள். பச்சைத் துணி, முழுக்க மஞ்சள் அன்னாசிப்பழங்கள்.

"ஏய், இருக்கறதே அது ஒண்ணுதான்!"

"உனக்குச் சன்னலாவது இருக்கு," என்றாள். "ஊசி எங்கே?"

மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து நாங்கள் தைத்தோம். தொப்பிக்கு அன்னாசி, கைகளுக்கு அன்னாசி, கழுத்துப்பட்டைக்கு அன்னாசி. அதைப் பார்த்து யாராலும் சாமிக்கென்று எழுந்து நிற்க முடியாது.

அக்டோபரில் குழு அவளுடைய முகத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, தெருவிலேயே தொடரலாம் என்று எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் அவள் மிதித்தாள். தொப்பியைக் கரையான் தின்றுவிட்டது. அவள் போய்ச்சேர்ந்து இரண்டு வருடமாகிறது. நினைக்க உட்கார்ந்தால் குழு நினைவுக்கு வருவதில்லை. திரை தைத்ததற்கு மறுநாள் காலைதான் வருகிறது.

அன்று எனக்கும் அதே தெருக்களில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை. என் சைக்கிளில் பின்னாலேயே போனேன். அவள் ஒவ்வொரு வாசலிலும் இறங்கினாள்.

"எனக்குச் சாமி ஏத்தல. தோல் நோய். வெயில் ஆகாது, அதான் வெள்ளை. இத்தனை நாள் சொல்லாதது தப்பு. இந்தாங்க, கையில வாங்கிக்கங்க."

ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒரு கிழவர் தந்தியை வாங்கிக்கொண்டு, "எனக்கு அப்பவே சந்தேகம்," என்று பொய் சொன்னார். பலர் சிரித்தார்கள். பதினொரு மணிக்கு எவேலியோவின் கடை வாசல். அவன் கையில் கத்தி, நாற்காலியில் பாதிச் சவரத்தோடு ஒருவர். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். பிறகு அவள் தலையிலிருந்த அன்னாசிப்பழங்களைப் பார்த்தான்.

"அப்ப சர்க்கரைத் தண்ணியெல்லாம் வீணா?"

"வீணில்ல. எனக்குத்தான் சங்கடம். மன்னிச்சிரு."

அவள் சைக்கிளைத் திருப்பினாள். பையில் இன்னும் நான்கு தந்திகள் இருந்தன. வெயில் சாலையில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏய் தந்திக்காரி!" என்று அவன் கத்தினான். "எங்கடி போற? சாமி இல்லன்னா என்ன, மூஞ்சி உன்னோடதுதானே. உள்ள வாடி!"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை நான் பார்த்திராத வேகத்தில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். நான் அவள் சைக்கிளில் தொங்கிய பையிலிருந்து அந்த நான்கு தந்திகளை எடுத்து, என் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.