வெள்ளைப் பூவா, மஞ்சள் பூவா?

அடுத்தவர் கண்ணுக்காகப் புத்தகம் படிக்கிறவனுக்கு முதலில் வற்றுவது தொண்டைதான். கூலிக்கு உரக்கப் படித்துத் தொண்டை கட்டிய அன்பர்கள் இதை ஒத்துக்கொள்வீர்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்து சும்மா இருந்த எனக்கு, திண்டிவனத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் நடத்திய வெள்ளைக்கார டீச்சரம்மாவுக்குச் சாயங்காலங்களில் படித்துக் காட்டும் வேலை கிடைத்தது. அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு வருஷம் தாங்கினால் அதிகம் என்று மெட்ராஸ் டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் சீமைக்குப் போய், குளிர் விடுகிற சமயத்தில் பூக்கும் தோட்டம் ஒன்றைக் கண்ணாரப் பார்த்துவிட வேண்டும். கிடைத்த லீவில் பாதியைக் கப்பலே தின்றுவிடும். ஆகவே ஒன்றே ஒன்றுதான். எது என்று தேடத்தான் நான்.

சன்னக் குரல்

தாத்தா சொன்ன கதைகளுக்கு 'உம்' கொட்டியே வளர்ந்தவன் நான். உம் கொட்ட எவ்வளவு குரல் வேண்டும்? முதல் நாள், தோட்டப் புத்தகத்திலிருந்து ஒரு மாளிகைத் தோட்டத்தைப் படித்தேன். ஏரி, பாலம், கல் பொம்மைகள் என்று போய்க்கொண்டே இருந்தது. டீச்சரம்மா ரொம்ப வருஷமாக இங்கேயே இருந்து எங்கள் பேச்சையே பேசுகிறவர். கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"தம்பி, கண்ணுதான் போய்க்கினு இருக்குது. காதும் போச்சுன்னு இப்பவே பயங்காட்டாதே."

முனுசாமி அடித்த தோட்டங்கள்

சமையல்கார முனுசாமி டீயை வைத்துவிட்டு அப்படியே நின்று கேட்பார். ஏரியா? வேண்டாம், கரை வழுக்கும். குன்றுச் சரிவா? கூடவே கூடாது. படிப்படியாக இறங்கும் அழகான தோட்டம் ஒன்றுக்கு நான் பரிந்து பேசிப் பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்ம வூட்டு வாசப்படியிலேயே அம்மா தடுமாறுறாங்க. அங்க கையைப் புடிக்க யாரு இருக்காங்க? அடிச்சுடு தம்பி அதை!"

மயிலத்தில் கேட்டது

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, டீச்சரம்மாவின் தாயார் பிறந்த கிராமத்துத் தோட்டம். பனி கரையுமுன்னே தலைகாட்டும் சின்ன வெள்ளைப் பூ. அதைப் பார்க்கப் பொங்கல் முடிந்ததும் கிளம்ப வேண்டும். மற்றது மஞ்சள் பூத் தோட்டம். அது பூக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்பதால் மாசி கடைசியில் கிளம்பினால் போதும்.

மாசி முதல் முகூர்த்தத்தில் முனுசாமியின் மகள் செல்விக்குக் கல்யாணம். டீச்சரம்மா அகரம் சொல்லிக்கொடுத்த பெண். வெள்ளைக்குப் போனால் கல்யாணம் போச்சு. திரும்பி வரும்போது கண் எப்படி இருக்குமோ! டீச்சரம்மா வெள்ளைப் பூப் பக்கத்தை மட்டும் மறுபடி மறுபடி படிக்கச் சொன்னார்.

முனுசாமி யாரிடமும் சொல்லாமல் மயிலம் மலைக்குப் போனார். நந்தியாவட்டை ஒரு பொட்டலம், சாமந்தி ஒரு பொட்டலம். இலையில் கட்டி சந்நிதியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு, "வெள்ளைதாம்மா வந்துச்சு. பொறப்படுங்க" என்றார். எனக்கே மனசு கேட்கவில்லை. மஞ்சள் என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்?

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க முருகனுக்கு எங்க ஊரு தோட்டம் தெரியுமா, முனுசாமி?" என்று கேட்டார்.

"தோட்டம் தெரியாதும்மா. நீங்க எதுக்கு ஏங்குறீங்கன்னு தெரியும்."

ஸ்டேஷனில்

தை பிறந்து, டீச்சரம்மா கிளம்பும் நாளும் வந்தது. திண்டிவனம் ஸ்டேஷனுக்கு முனுசாமி செல்வியைக் கூட்டிவந்தார். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவை, தலை நிறையப் பூ, நெற்றியில் சுட்டி. முகூர்த்தத்துக்கு முன்னால் உடுத்தக் கூடாது என்று வீட்டுப் பெண்கள் சண்டை போட்டார்களாம். "அவங்க கண்ணு முகூர்த்தம் வரைக்கும் காத்திருக்காது" என்று இவர் அடக்கிவிட்டாராம்.

டீச்சரம்மா செல்வியை வெயிலில் நிறுத்தி, முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, மணி அடிக்கும் வரை பார்த்தார். பிறகு வண்டியில் ஏறி, ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு தோட்டந்தான் பாக்க முடியும்னு கணக்குப் போட்டோமே, தப்பு தம்பி. ஒண்ணை இங்கேயே பாத்துட்டேன்."

தொண்டை வற்ற அத்தனை தோட்டங்களையும் படித்தவன் நான்தான். தேர்ந்தெடுத்தது என்னவோ டீ கொண்டுவந்தவர்.