அம்மா குரலில் பேசிய இயந்திரம்

அன்று தியேட்டரில் நாங்கள் மூன்று பேர்: நான், எட்டு வயது மகள், டிக்கெட் எடுத்த பக்கத்து வீட்டு அக்கா. விண்வெளிப் படம். சின்னப் பிள்ளைக்கு ஆகுமா என்று அக்காவை நச்சரித்திருந்தேன்.

"ரத்தம் இல்ல, முத்தம் இல்ல. டென்ஷன் ஆகாம வாம்மா" என்றார்.

படத்தில் ஓர் இயந்திரம் அம்மாவின் குரலில் கூப்பிட்டுப் பிள்ளைகளைக் கதவைத் திறக்க வைத்தது. மகள் பயப்படவேயில்லை. பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து வீட்டுக் கதவைத் தட்டினேன். என் குரல் கேட்டால் மட்டுமே திறக்க வேண்டும் என்று அவளைப் பழக்கியிருந்தேன். உள்ளே காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

"அம்மாதான்டி, திற."

"அதுவும் இப்படித்தான் சொல்லுச்சு."

எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

"அம்மான்னா சொல்லு. அக்காவுக்கு டிக்கெட் காசு இன்னும் எவ்ளோ தரணும்?"

"நானூத்தி அம்பது ரூபா."