ஆண்டு விழாப் படத்தில் என் சடையைப் பின்னியவள்

நம் பள்ளித் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாட்களாக ஒரு தவறு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை முதலில் திருத்திவிடுகிறேன். இங்கே பகிர்ந்த அந்தப் பழைய ஆண்டு விழாப் படத்தில் மைக் முன்னால் நிற்பது நான்தான். அதுவரை சரி. ஆனால் "ராஜேஸ்வரி அப்பவே தலைய என்னமா பின்னிக்குவா", "அவளுக்கு அது கைவந்த கலை" என்றெல்லாம் நீங்கள் எழுதுவது சரியில்லை. அந்தச் சடையைப் பின்னியது நான் இல்லை.

அரியலூர் கான்வென்ட் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சீயக்காய் வாசனை... மற்றவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குள் தலை காய்ந்துவிடும். எனக்கோ திங்கட்கிழமைக் காலை ஜெபத்தின்போதும் சடைக்குள் ஈரம் இருக்கும். செவ்வாய்க்கிழமை லேசாகப் புளித்த வாடை வரும். அவ்வளவு அடர்த்தி. ரிப்பன் முடிச்சு நிற்காது. ஹேர்பின் வளைந்துவிடும்.

முகமும் அகலம். நடுவகிடு, இரட்டைச் சடை, மடித்துக் காதோரம் கறுப்பு ரிப்பன். இதுதான் பள்ளி விதி. மற்றவர்களுக்கு அழகாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் முகத்தின் இரு பக்கமும் இரண்டு தடித்த வளையங்கள் விறைத்துக்கொண்டு நின்றன. கீழப்பழுவூர் லலிதா பெயர் வைத்தாள்.

"அண்டாவுக்கு ரெண்டு காது இருக்கு பாருங்கடி. ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சுத் தூக்குங்க!"

லலிதா, நீயும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாய். கோபம் இல்லை. உவமை சரியாகத்தான் இருந்தது.

நான் உடையார்பாளையம் பக்கத்தில் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண். யார் முன்னாலும் அழ மாட்டேன். குளியலறையில் அழுவேன்.

பள்ளியின் கடைசி வருடம், ஆண்டு விழாவில் ஆங்கில வரவேற்புரை என் பங்குக்கு வந்தது. மனப்பாடம் முடிந்தது. உச்சரிப்பும் சுத்தம். ஆனால் அந்த முகத்தை அத்தனை பேர் முன்னால் கொண்டுபோய் வைக்க எனக்கு மனமில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று விழாவன்று காலை சிஸ்டரிடம் சொல்லிவிட முடிவு செய்திருந்தேன்.

அதைக் கண்டுபிடித்தவள் செல்வமணி. எறையூர்ப் பக்கத்துப் பெண். அப்பா, அம்மா இருவருக்கும் கரும்புக் கொல்லையில் கூலி வேலை. ஹாஸ்டலில் என் பெட்டிக்கு அடுத்தது அவள் பெட்டி. அப்படியும் நாங்கள் அதிகம் பேசியதில்லை. காரணம் நான்தான்.

"தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தலையக் காட்டு."

"ரெட்டை சடைதான் போடணும்டி. ரூல்."

"ரெட்டை சடைதான் போடப் போறேன். எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு மதர் எழுதியா வச்சிருக்காங்க?"

வகிட்டை நடுவிலிருந்து ஒரு விரல் தள்ளி எடுத்தாள். எனக்குப் பதறிவிட்டது.

"அய்யோ, கோண வகிடு எடுத்தா கோணப் புருஷன் வருவான்னு எங்க அம்மா சொல்லும்டி!"

"வரட்டும். மொதல்ல நீ மேடை ஏறு."

முடியை இரண்டு அடுக்காகப் பிரித்தாள். உள்ளடுக்கை மெல்லிய பின்னலாக்கி, பிடரியோடு சுற்றிப் படிய வைத்து ஹேர்பின் குத்தினாள். மேலடுக்கில் மட்டும் இரண்டு சடைகள். அவையும் காதுக்குப் பின்னால், நன்றாகக் கீழே தொடங்கின. மடித்துக் கட்டியபோது முகத்தின் பக்கம் வராமல் கழுத்தோடு நின்றன. உச்சியில் மட்டும் சீப்பால் லேசாகத் தூக்கிவிட்டாள்.

"இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?"

"கரும்பு காத்துல சாயாம இருக்க காஞ்ச எலைய, அந்தச் சோகைய முறுக்கிச் சேத்துக் கட்டுவோம்ல. உள்ள இருக்கறத அடக்கிட்டா வெளிய இருக்கறது தானா நிக்கும். உன் தலையும் ஒரு கரும்புக் கொல்லைதான், போ."

கண்ணாடியில் பார்த்தேன். முகம் அதேதான். ஆனால் முதலில் கண்ணில் பட்டது அகலம் இல்லை, என் கண்கள்.

பேசினேன். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. இறங்கி வந்ததும் மதர் என் கன்னத்தைத் தட்டி, இன்று தலை வாரிவிட்டது யார் என்று கேட்டார். பக்கத்தில் என் அம்மா. இரண்டடி தள்ளி, ஹேர்பின் டப்பாவோடு செல்வமணி.

"நானேதான், மதர்" என்றேன்.

எந்த வீட்டுப் பெண்ணின் கை என் தலையில் பட்டது என்று அம்மா கேட்பார். அதற்குப் பயந்தேன். அந்தப் பொய்க்கு வேறு காரணம் ஏதும் இல்லை.

மறுநாள் காலை செல்வமணி சீப்பை என் மடியில் போட்டாள்.

"நீயே பின்னிக்குவியாமே. எங்க, பின்னு பாப்போம்."

முயன்றேன். சிக்கு விழுந்ததுதான் மிச்சம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சீப்பைப் பிடுங்கி, அவளே பின்னினாள். பள்ளி முடியும்வரை பின்னினாள். அந்த நாளைப் பற்றி வேறொரு வார்த்தை கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவளைப் பார்த்துப் பார்த்துத்தான் நானும் பின்னக் கற்றேன். அந்தத் தலையோடுதான் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ போனேன். அந்தத் தலையோடுதான் பெண் பார்க்க வந்தவர்கள் முன் நின்றேன். வந்தவரிடம் எந்தக் கோணலும் இல்லை. நாற்பது வருடம் என்னோடு நேராக வாழ்ந்துவிட்டுப் போனார்.

போன மாதம் பெரம்பலூரில் மருமகள் என்னை ஒரு பார்லருக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த பெண் போனில் படம் படமாகக் காட்டினாள். "ஃபேஸ் கொஞ்சம் பிராடா இருக்கு மேடம். உள்ள முடி வெயிட்டக் கொறச்சிட்டு சைடு பார்ட்டிங் எடுத்துரலாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது எந்த முகத்துக்கு எந்த வெட்டு என்று போனே சொல்லிவிடுகிறது. நல்லதுதான். ஒரு பெண்ணும் குளியலறையில் அழ வேண்டாம். அன்று எனக்கு அதைச் சொல்ல ஒருத்திதான் இருந்தாள்... அவள் இருந்தாளே, அது என் பாக்கியம்.

செல்வமணி, நேற்றுதான் இந்தக் குழுவில் உன் பெயரைக் கவனித்தேன். எல்லோரும் என்னைப் புகழும் அந்தப் படத்துக்கு நீயும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறாய். எனக்குத் தாங்கவில்லை. அன்று மதரிடம் நான் சொன்னது பொய். எல்லோர் முன்னிலும் சொல்கிறேன். என்னை மேடை ஏற்றியவள் நீ. நன்றி. என்னை மன்னித்துவிடு.

மன்னித்தாயா இல்லையா என்பதை எனக்குச் சொல். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், எனக்குக் காது மந்தம். இங்கேயே, எல்லோரும் படிக்கும்படி, எழுத்தில் பதில் போடு.