சித்தியின் தலைவலிக்கு ஒரு பதிவேடு

என் சித்தி இருபது ஆண்டுகளாகத் துணி தைப்பவர். முன்னறை ஜன்னலோரம் அவருடைய தையல் இயந்திரம்; அதற்கு நேர் மேலே அலமாரியில் சித்தப்பா வாங்கி வைத்த வைஃபை பெட்டி. அது வந்த மாதமே சித்திக்குத் தலைவலி தொடங்கியது. அலை மண்டைக்குள் புகுந்து குடைகிறது என்றார். அதே மாதம் அவருக்கு நாற்பத்தைந்து வயது நிறைந்ததை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

வீட்டிலுள்ள இந்தச் சிறு அளவு அலைகளால் உடலுக்குத் தீங்கு என்று ஆய்வுகளில் இதுவரை உறுதிப்படவில்லை எனப் படித்துக் காட்டினேன். கண் மருத்துவரிடம் போகலாம் என்றும் சொன்னேன்.

"வலி தலையில, வைத்தியம் கண்ணுக்கா? நல்லாத்தான்டி படிச்சிருக்க."

இயந்திரம் பின்னறைக்குப் போனது. அங்கே ஜன்னல் இல்லை. மங்கலான ஒரே விளக்கு. வலி கூடியது, தையல் கோணியது, இருவர் துணியைத் திருப்பித் தந்தார்கள். தொழிலையே விட்டுவிடப் போவதாகச் சித்தி சொன்ன அன்று நான் பதிவேடு தொடங்கினேன்.

சித்தியும் சம்மதித்தார். பெட்டியின் விளக்குகளைக் கறுப்பு நாடாவால் மறைத்தேன். இருபது நாட்களில் பத்து நாள் அது இயங்கும், பத்து நாள் இயங்காது; எந்த நாள் எது என்பது சித்தப்பாவுக்கு மட்டுமே தெரியும். மாலைதோறும் வலி உண்டா என்று கேட்டு எழுதினேன். இயங்கிய நாட்களில் எட்டு முறை வலி. இயங்காத நாட்களிலும் எட்டு முறை. வலியில்லாத நான்கு நாட்களும், வாடிக்கையாளர் முன்னறையில் காத்திருந்ததால், சித்தி அங்கேயே ஜன்னல் வெளிச்சத்தில் அமர்ந்து கையால் தைத்தவை.

சித்தி பதிவேட்டை இருமுறை பொறுமையாகப் படித்தார்.

"அப்ப நம்ம பெட்டி மேல குத்தமில்ல. பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெட்டி இருக்குல்ல, அதுதான்."

"விடும்மா, அவ புடிச்ச முயலுக்கு மூணே கால்" என்றார் சித்தப்பா.

அன்றே இயந்திரம் ஜன்னலோரம் திரும்பியது, வலியும் குறைந்தது. அக்கா மகள் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்ததாகச் சித்தி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்ல, தெருவில் மூன்று வீடுகளில் கட்டில்கள் சுவரை விட்டு விலகின. மூன்று வீட்டுக்கும் போய், நான் அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று விளக்கினேன். எனக்குத் தன்னடக்கம் அதிகம் என்று மெச்சினார்கள்.

நேற்றுக் கண் பரிசோதனை பற்றி மறுபடியும் பேசினேன்.

"அதான் வலி விட்டுடுச்சே" என்றவர், ஊசியைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். நான்காம் முறையும் நூல் நுழையவில்லை.

"இந்தா, கோத்துக் குடு."

கோத்துக் கொடுத்தேன். நேற்று மட்டும் அது ஏழாவது ஊசி.