பெரிய சேட்டுகள் வந்த தவணை

வேலணையில் பஸ் நிற்கும் சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கேதீஸ்வரியின் உடுப்புக்கடை இருக்கிறது. ஆண்களுக்கான சேட்டும் சாரமும் அங்கே உண்டுதான். அவை பின்சுவர் அலுமாரிக்குள் மடித்துக் கிடக்கும். முன்னால் வெளிச்சம் படும் இடத்தில் தொங்குவதெல்லாம் பெண்பிள்ளைகளின் சட்டைகள். மணி வைத்தது, வலை வைத்தது, முதுகில் பெரிய முடிச்சுப் போட்டது என்று காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். கரம்பொன்னிலிருந்துகூடப் பிறந்தநாள் சட்டை எடுக்க அவளிடம்தான் வருவார்கள்.

அவள் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. சட்டையை விற்றுப் பையில் போட்டுக் கொடுத்துவிட மாட்டாள். பிள்ளையை அங்கேயே போட்டுப் பார்க்கச் சொல்லுவாள். தோள் இறங்கியிருக்கிறதா, இடுப்பு தொங்குகிறதா என்று சுற்றிச் சுற்றி வருவாள். கொஞ்சம் கூடினாலும் பொறுக்காது. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு முழங்காலில் நின்று பிடித்துவிட்டு, மூலையிலிருக்கும் மெசினில் அப்போதே ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுப்பாள்.

"உடுப்பெண்டால் ஆளுக்கு அளவா இருக்கோணும்" என்பாள். "ஆரிட்டயோ இரவல் வாங்கினது மாதிரி இருக்கக்கூடாது."

அவளுடைய மகள் தாரிகா எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். சின்ன வயதில் அம்மாவின் கடைச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். அவளைப் பார்த்தே நாலு பேர் வாங்குவார்கள். இந்த வருடம் தொடக்கத்திலிருந்து அவள் கடைப்பக்கம் வருவது குறைந்துவிட்டது. புதுச் சட்டை ஒன்றை நீட்டினால், "பிறகு போடுறன் அம்மா" என்று மடித்து வைத்துவிடுவாள். அந்தப் பிறகு வருவதேயில்லை. படிப்புக் கூடிவிட்டது போல என்று கேதீஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சீருடை. அங்கே யார் என்ன உடுப்பு வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் தனியார் வகுப்பான ரியூசனுக்குக் கலர் உடுப்பு போடலாம். சனி, ஞாயிறு காலையில் ரியூசன் கொட்டிலுக்கு முன்னால் சைக்கிள்கள் வந்து நிற்கும்போதுதான் எது புதுசு, எது பழசு என்பதெல்லாம் முடிவாகும். அந்த முடிவு ஒன்றும் கேதீஸ்வரியின் காதுக்கு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய கணவன் சுதாகரன் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டான். அவன் பிரதேச சபையில் வேலை செய்பவன். ஞாயிறுகளில் மட்டும்தான் விரும்பிய உடுப்பு போட அவனுக்கு வாய்க்கும்.

"இஞ்சேரும், என்ர நீலக்கோடு போட்ட சேட்டைக் கண்டனீரோ?"

"அலுமாரிக்குள்ளதானே வைச்சனான். வடிவாப் பாருங்கோ."

"அலுமாரிக்குள்ள அந்தச் சேட் இல்லையே! எங்க போனது?"

கேதீஸ்வரிக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டது. உலர்த்துகிற கொடியில் பார்க்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு முதல் ஆளாகக் கடைக்கு வந்தவர் சிவக்கொழுந்து. பிளவுஸ் துணி எடுக்க வந்தவர், துணியைப் பார்க்காமல் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரியூசன் விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்த சைக்கிளில் தாரிகா. முழங்கால் வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது சுதாகரனின் நீலக்கோட்டுச் சேட். கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருந்தாள். கீழே, இரண்டு பேர் நுழையக்கூடிய அகலத்தில் ஒரு களிசான். அவளுக்குப் பக்கத்தில் வந்த சிநேகிதி கம்ஷிகாவும் அப்படியே ஒரு கோலம். பின்னால் வந்தவர்களும் தகப்பன்மாரினதும் தமையன்மாரினதும் உடுப்புகளில் பாதி மறைந்துபோய், காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு போனார்கள்.

"கேதீஸ், முன்னால போறது உம்மட பிள்ளையெல்லே?" சிவக்கொழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "தோட்டத்தில காகம் கலைக்க வைக்கிற வெருளி மாதிரிப் போகுது! உடுப்புக்கடைக்காரியின்ர பிள்ளைக்கு உடுப்பில்லையோ?"

அவர் பகிடியாகத்தான் சொன்னார். கேதீஸ்வரியும் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் துணியை வெட்டியபோது வெட்டு கோணலாகப் போய்விட்டது. வேறு துணி கிழித்துக் கொடுக்கவேண்டி வந்தது.

மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவள், தாரிகாவைக் குசினிக்குள் பிடித்துக்கொண்டாள்.

"உதென்ன கோலம்? கழற்று முதலில!"

"ஏனம்மா? இப்ப எல்லாரும் இப்படித்தான் போடினம்."

"எல்லாரும் எண்டால் ஆர்? கடை நிறையச் சட்டை தொங்குது. அதில ஒண்டு உனக்குப் பிடிக்கேல்லையோ?"

தாரிகா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அது சின்னப்பிள்ளையள் போடுறது அம்மா. மணி குத்தும். சைக்கிள் ஓட ஏலாது. போட்டா எல்லாரும் சிரிப்பினம்."

"சிரிப்பினமோ? இப்ப ரோட்டில போற சனம் உன்னைப் பாத்துச் சிரிக்குது! வெருளி எண்டு சொல்லுது!"

சொன்னதும் கேதீஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. துருவி வைத்த தேங்காயைத் தள்ளிவிட்டுக் கதிரையில் போய் இருந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். தாரிகா பயந்துபோனாள். அம்மா ஏசுவாள் என்று தெரியும். அழுவாள் என்று அவள் நினைக்கவில்லை.

"ஒரு சேட்டுக்கு ஏனம்மா அழுறீங்கள்?"

கேதீஸ்வரி சொல்லத் தொடங்கினாள். அவளுக்குத் தாரிகாவின் வயது இருக்கும்போது அவர்கள் சண்டையால் இடம்பெயர்ந்து வன்னியில் மல்லாவியில் இருந்தார்கள். வேலணைத் தீவை விட்டு வந்து ஏற்கெனவே சில வருடங்கள் ஆகியிருந்தன. கொண்டுவந்த உடுப்பெல்லாம் கிழிந்தும் குட்டையாகியும் போய்விட்டன. ஒருநாள் நிவாரணத்தில் உடுப்பு மூட்டை வந்தது. இழுபறிப்பட்டு அவளுடைய அம்மா கொண்டுவந்தது ஒரு பெரிய ஆம்பிளைச் சேட். நெஞ்சில் ஏதோ வெளிநாட்டு எழுத்து. அதைத்தான் அவள் கலர் உடுப்பாகப் போட்டாள். குண்டூசி குத்தி இடுப்பைச் சுருக்கிக் கொடுத்தும், கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. வகுப்பில் ஒருவன் வெருளி என்று கூப்பிட்டான். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது.

"அங்கயிருந்து வெளிக்கிடுமட்டும் அந்தப் பேர்தான். எனக்கெண்டு ஒரு பிள்ளை பிறந்தா அளவில்லாத உடுப்பை அதுக்குப் போட விடமாட்டன் எண்டு நினைச்சிருந்தனான்."

தாரிகா கீழே நிலத்தில் அம்மாவின் காலடியில் வந்து இருந்தாள். இந்தக் கதையை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. பிறகு கேட்டாள்.

"அந்தச் சேட் என்ன கலர்?"

"என்ன கலரெண்டு... ஒரு மங்கல் பச்சை. இப்ப ஏன் அது?"

"கொலர் இருந்ததோ?"

"இல்லை. ரீசேட் மாதிரி."

"நெஞ்சில எழுத்தும் இருந்தது?"

"ஓம். பெரிய எழுத்து."

"அம்மா," என்று தாரிகா பெருமூச்சு விட்டாள், "அதை மட்டும் நீங்கள் பத்திரமா வைச்சிருந்தா, இப்ப ரியூசனில நான்தான் ராணி."

கேதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். சத்தம் கேட்டுக் குசினி வாசலுக்கு வந்த சுதாகரன், மகள் போட்டிருந்த சேட்டைக் கண்டு, "அப்ப இதுதானோ!" என்றான்.

"கேக்காமல் எடுத்தது பிழைதான் அப்பா," என்றாள் தாரிகா. பிறகு அம்மாவைப் பார்த்து, "ஆனா அம்மா, உங்களுக்கு அதை ஆரோ தந்தவை. நான் இதை விரும்பி எடுத்தனான்" என்றாள்.

அந்தச் சொல் கேதீஸ்வரியோடு கடைக்கு வந்தது. முன்னால் ஆடிக்கொண்டிருந்த பெரிய அளவுச் சட்டைகளை அன்று பின்னேரம் அவள் உற்றுப் பார்த்தாள். சிலவற்றின் தோளில் தூசி படிந்திருந்தது. தைப்பொங்கலுக்கு எடுத்தவை அவை. சின்னப்பிள்ளைகளின் அளவெல்லாம் விற்றுப்போயிருக்க, மேல் வகுப்புப் பிள்ளைகளின் அளவு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த விடுமுறை நாளில் அவள் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் எடுக்கப் போனபோது தாரிகாவையும் கம்ஷிகாவையும் கூட்டிக்கொண்டு போனாள். கம்ஷிகாவின் தாயிடம் கேட்டுத்தான். விற்காத சட்டைகளைக் கட்டி பஸ்ஸில் ஏற்றினார்கள். பண்ணைப் பாலம் தாண்டி நகரத்துக்குள் நுழைந்ததும் இரண்டு பிள்ளைகளும் ஜன்னலால் தலையை நீட்டி, நகரத்துப் பிள்ளைகள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

மொத்த வியாபாரி தியாகலிங்கம் அவளுக்குப் பல வருடப் பழக்கம். சட்டைகளை மாற்றித் தரச் சம்மதித்தார்.

"புதுசா நல்ல கவுண் வந்திருக்குத் தங்கச்சி. வால் வைச்சது."

"கவுண் வேண்டாம் அண்ணை. பெரிய ரீசேட் காட்டுங்கோ."

"எவ்வளவு பெரிசு? ஆருக்கு?"

கேதீஸ்வரி பக்கத்தில் நின்ற பிள்ளைகளைக் காட்டினாள். தியாகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டு பார்த்தார். கம்ஷிகா நல்ல மெலிவு.

"இந்தப் பிள்ளைக்கோ?"

"ஓம் அண்ணை," என்றாள் கம்ஷிகாவே. "உங்கட அளவில ஒண்டு எடுங்கோ."

தியாகலிங்கம் நல்ல பெருத்த ஆள். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் எடுத்துக் கொடுத்தார். கறுப்பு ரீசேட். கம்ஷிகா அதைத் தலைக்குள்ளால் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். கையை விரித்துச் சுற்றினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. கேதீஸ்வரியின் கை தானாகவே குண்டூசியைத் தேடிப் போனது. இடுப்பைப் பிடிக்கக் குனிந்தாள்.

"ஐயோ அன்ரி, வேண்டாம்!" என்று கம்ஷிகா துள்ளி விலகினாள். "வடிவெல்லாம் போயிடும்!"

கேதீஸ்வரி நிமிர்ந்து, குண்டூசியைத் திரும்பக் கைப்பையில் குத்திவைத்தாள்.

கொண்டுவந்த ரீசேட்டுகளும் அகலக் களிசான்களும் கடையின் முன்பக்கத்தில் ஏறின. ரியூசன் விட்டதும் சைக்கிள்கள் கடை வாசலில் சரிந்தன. கண்ணாடிக்கு முன்னால் சண்டை நடந்தது. இதற்குப் பிறகு வீடுகளில் தகப்பன்மாரின் அலுமாரிகளுக்கு நிம்மதி வந்தது. ஆனால் தாய்மார் விடவில்லை. கம்ஷிகாவின் தாய் நிலாந்தினி நேரே கடைக்கே வந்துவிட்டாள்.

"என்னக்கா இது? என்ர பிள்ளையின்ர சேட்டுக்குள்ள இன்னொரு பிள்ளை போகலாம்! நீங்கள் அளவாத் தைச்சுக் குடுக்கிற ஆளெல்லோ?"

"நானும் ஏசிப் பாத்தனான் நிலாந்தினி," என்றாள் கேதீஸ்வரி. "இரும். தேத்தண்ணி குடியும். உமக்கு இந்த வயசில விருப்பப்பட்ட உடுப்பு ஆரும் வாங்கித் தந்தவையோ?"

நிலாந்தினி யோசித்தாள். அவளும் இடம்பெயர்ந்து வளர்ந்தவள்தான்.

"ஆர் வாங்கித் தந்தது அக்கா... கிடைச்சதைப் போட்டம்."

தேத்தண்ணி முடிகிறபோது, "எண்டாலும் உடம்பு தெரியேல்லை, அந்த மட்டில நல்லதுதான்" என்று சமாதானப்பட்டுக்கொண்டாள். போகும்போது மகளுக்கு ஒரு களிசானும் எடுத்துக்கொண்டு போனாள்.

பள்ளித் தவணை முடிகிற கிழமையில் எட்டாம் வகுப்பை நெடுந்தீவுக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். கலர் உடுப்பு போடலாம் என்று பள்ளிக்கூடத்தில் அனுமதி கிடைத்திருந்தது. இறுக்கமான உடுப்பு மட்டும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதில் ஒருவருக்கும் வில்லங்கம் இல்லை. துணைக்கு வந்த தாய்மாரில் கேதீஸ்வரியும் ஒருத்தி. பஸ் மடத்துவெளி தாண்டிக் குறிகட்டுவானை அடைந்தபோது, படகுகள் கட்டும் ஜெற்றியில் இறங்கிய பிள்ளைகளைப் பார்த்து அங்கே நின்ற சனமெல்லாம் திரும்பியது. வரிசையாகப் பெரிய சேட்டுகள். நிறம் பொருந்த வேண்டும் என்று ஒரு கிழமையாகத் தொலைபேசியில் கதைத்து முடிவு செய்திருந்தார்கள்.

படகில் ஏறியதும் படகுக்காரர் செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கிகளைத் தூக்கிப் போட்டார்.

"எல்லாரும் போடோணும். போடாட்டி படகு வெளிக்கிடாது."

"அண்ணை, படம் எடுத்திட்டுப் போடுறம்!"

"ஏலாது பிள்ளையள். இப்பவே."

போட்டதும் எல்லாச் சேட்டும் மறைந்துவிட்டது. படகு முழுக்க ஒரே செம்மஞ்சள். தாரிகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். நடுக்கடலில் ஒரு அலை வந்து அவ்வளவு பேரையும் நனைத்தபோதுதான் கத்திச் சிரித்து அதை மறந்தார்கள்.

நெடுந்தீவில் இறங்கி அங்கிகளைக் கழற்றியதும் காற்று பிடித்துக்கொண்டது. கல்வேலிகளுக்கு நடுவே ஓடிய பிள்ளைகளின் சேட்டுகளுக்குள் காற்றுப் புகுந்து ஊதியது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பறக்கப் போகிறவர்கள் போல ஓடினார்கள். ஈரமெல்லாம் நொடியில் காய்ந்துவிட்டது. தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த குதிரைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. கேதீஸ்வரி நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மகளை இவ்வளவு சந்தோசமாகக் கடைச் சட்டையில் அவள் கண்டதில்லை.

ஜெற்றிக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த மாக்கிறேற் என்ற பெண்ணும் அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உந்தச் சேட்டுகள் எங்க வாங்கினது? என்ர மகளும் ஒரு மாசமா உயிரை எடுக்கிறாள். யாழ்ப்பாணம் போக எனக்கு எங்க நேரம்?"

"வேலணையில, என்ர கடையில," என்றாள் கேதீஸ்வரி. சொல்லும்போது குரலில் ஏறிய பெருமையை அவளாலேயே மறைக்க முடியவில்லை. "மகளின்ர வயசைச் சொல்லும். படகில குடுத்து விடுறன்."

மாக்கிறேற் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே தொலைபேசி இலக்கத்தைச் சொன்னாள். மகளுக்கு வயது பதின்மூன்று. ஆள் சின்ன உருவம்தான்.

அடுத்த கிழமை கேதீஸ்வரி கடையில் இருந்தவற்றுள் தேடி, சின்ன உருவம் என்று சொன்னதைக் கணக்கெடுக்காமல், மனதைக் கல்லாக்கிக்கொண்டு மிகப் பெரிய ஒன்றை எடுத்தாள். ஊதா நிறம். சுற்றிக் கட்டி, நெடுந்தீவுக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாள். பின்னேரம் தொலைபேசி அடித்தது.

"அக்கா, சேட் வந்திட்டுது. நல்ல துணி," என்றாள் மாக்கிறேற். பின்னால் ஒரு பெண்பிள்ளை ஏதோ அவசரமாகச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. "ஆனா ஒரு சின்னப் பிரச்சினை."

"அளவு கூடிப்போச்சோ?"

"எங்க கூடினது! இதைவிடப் பெரிசு இல்லையோ எண்டு கேக்கிறாள்."