வெள்ளணு ஏறாத வெள்ளிக்கிழமை

எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்த எல்லோருக்கும் இரத்தப் புற்றுநோய். அதற்காக அங்கே சோகம் குடியிருந்தது என்று நினைக்க வேண்டாம்; நான் விடுவதில்லை. யாழ்ப்பாணத்தில் தாதியாகப் படித்து, டெனிஷ் மொழியோடு மல்லுக்கட்டி மறுபடியும் படித்து அங்கே சேர்ந்தவள் நான். போகப் போகப் பெரிய டொக்டர் தன் வேலைகளையும் என் தலையில் கட்டிவிட்டார். இடுப்பெலும்பில் ஊசி ஏற்றி உள்ளே இருக்கும் மச்சையைச் சோதனைக்கு எடுப்பதும், மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முதலில் பார்த்துச் சொல்வதும் நான்தான். தாதிக்கும் டொக்டருக்கும் நடுவில் ஒரு கதிரை போட்டிருந்தால் அது எனக்குத்தான். உட்காரத்தான் நேரம் இல்லை.

ஸ்கீவ என்ற டெனிஷ் ஊரின் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த தமிழ்த் தம்பி ஒருவன் தனி அறையில் இருந்தான். மருந்து நன்றாகவே வேலை செய்திருந்தது. மச்சையில் கெட்ட அணுக்களைக் காணவில்லை. ஆனால் நல்லவையும் சேர்ந்து போயிருந்தன. கிருமி தொற்றிவிடும் என்பதால் வெள்ளணுக்கள் ஏறும்வரை அவனை வெளியே விட முடியாது.

அவனுக்கோ அவசரம். மனைவி கொழும்பில் வருடக்கணக்காகக் காத்துக்கிடந்தாள். எங்கள் ஆட்களின் குடும்பங்களை இங்கே எடுப்பிக்கும் விண்ணப்பங்களை டெனிஷ் மந்திரி ஒருவர் நிறுத்தி வைத்திருந்த காலம் அது. பிறகு விஷயம் வெளியே வந்து நாறி, கோப்புகள் அசைந்து, அவளுக்கும் விசா கிடைத்தது. வெள்ளிக்கிழமை வந்திறங்குகிறாள். இவன் அவளிடம் சொல்லியிருந்தது சாதாரணக் காய்ச்சல் என்று.

"அக்கா, வெள்ளை ஏறிட்டுதோ?" என்பான் காலையில்.

"இன்னும் இல்லை. நீர் முதல்ல சூப்பைக் குடியும்."

"நான் எயார்போட்டுக்குப் போகோணும். இப்பிடிக் கட்டில்ல கிடந்தா அவள் பயந்திடுவாள்."

"பொய் சொல்லேக்க அந்த யோசனை வந்திருக்கோணும். உண்மையை நீர்தான் சொல்லோணும், நான் சொல்லமாட்டன்."

வெள்ளியும் வந்தது, வெள்ளணு ஏறவில்லை. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரைப் பிடித்து ஏசுவது?

பின்னேரம் அவனுடைய கூட்டாளி அவளைக் கூட்டிவந்தான். கைகளைக் கழுவ வைத்து, மேலங்கியும் மாஸ்க்கும் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். மருந்தால் அவனுக்குத் தலையிலும் மயிரில்லை, மீசையும் இல்லை. அவனைக் கண்டதும் அவள் வாசலிலேயே குந்தியிருந்து அழத் தொடங்கினாள்.

"மாமி போயிட்டாவோ? ஏனப்பா எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல?"

பெற்றவள் போனால் மகன் மொட்டை போட்டு மீசையும் மழிப்பது எங்கள் வழக்கம். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்த நான், தமிழச்சி, இதை மட்டும் யோசிக்கவில்லை. பக்கத்தில் நின்ற டெனிஷ் தாதி ஒன்றும் விளங்காமல் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

"அம்மா நல்லா இருக்கிறா," என்று கட்டிலில் இருந்து கத்தினான் அவன். "போன கிழமையும் ஊரிலயிருந்து கடிதம் வந்தது."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்ப ஏன் மொட்டை?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சேலைன் போத்தலைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் அவனே சொன்னான், நோயின் பெயரில் தொடங்கி, மருந்து கேட்டிருக்கிறது என்பதுவரை. "மயிர் திரும்ப முளைக்குமாம். கொஞ்சக் காலம் எடுக்கும்," என்று முடித்தான்.

அவள் எழுந்து, கதிரையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு அதில் இருந்தாள்.

"விசா வருமட்டும் காத்திருந்தனான். மயிர் முளைக்குமட்டும் இருக்கமாட்டனே?"