தங்கத் தாள் சுற்றிய டப்பா

என் வாழ்க்கையிலேயே பெரிய கைதட்டலை ஒன்பது வயதில், மீசை வைத்துக்கொண்டு வாங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. பெருமையால் அல்ல.

துபாயில் கிரேன்கள் நின்றுபோன குளிர்காலம் அது. அல் குசைஸில் எங்கள் பிளாட்டின் பால்கனியிலிருந்து பார்த்தால் நான்கு கிரேன்கள் தெரியும். எது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தினமும் ஸ்கூல் பஸ் ஏறுவேன். திடீரென்று நான்கும் வேலையை விட்டுவிட்டு, காற்றடிக்கும் பக்கமாக ஒன்றுபோல் திரும்பி நின்றன. பெரியவர்கள் அதை ரிசெஷன் என்றார்கள். அப்படியென்றால் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது.

அதை எல்லோருக்கும் புரியவைத்துவிடலாம் என்று நம்பிய ஒரே ஆள் என் மாமா. அம்மாவின் தம்பி. எங்கள் ஹாலில் சோபாவை இழுத்துப் போட்டுப் படுத்துக்கொள்வார். கட்டி முடிக்காத பிளாட்டுகளை விற்கும் ஆபீஸ் ஒன்றில் அவருக்கு வேலை. அந்த வருஷப் பொங்கல் விழாவுக்கு நாடகம் வேண்டும் என்று தமிழ்ச் சங்கத்தில் கேட்டபோது, வழக்கமான புராணக் கதையெல்லாம் வேண்டாம், இந்தக் கஷ்டம் எப்படி வந்தது என்று நாமே நடித்துக் காட்டுவோம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவர் அதைச் சொன்னதற்கு வேறொரு காரணம் இருந்தது. பல வருஷங்கள் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா வளைகுடாவுக்கு வந்த நாள் முதல் சேர்த்ததையெல்லாம், மாமாவின் பேச்சை நம்பி, ஒரு கட்டடத்தின் பதினேழாவது மாடியில் போட்டிருந்தார். அந்தக் கட்டடம் அப்போது ஒரு பெரிய பள்ளமாகவும் அதைச் சுற்றி ஒரு விளம்பரப் பலகையாகவும் இருந்தது. கட்டுகிறவர் கடையை மூடிவிட்டு நாட்டைவிட்டே போய்விட்டார் என்ற சேதி மாமாவுக்கு வந்திருந்தது. அப்பாவிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நேருக்கு நேர் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், முகத்தில் பவுடர் பூசிவிட்டால் யாரிடமும் எதையும் பேசிவிடுவார், அப்படி ஒரு பிறவி. ஆகவே நாடகத்தின் கடைசியில், முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் மேடையிலிருந்தே உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்திருந்தார். அம்மாவுக்கு மட்டும் அது தெரியும்.

நாடகம் ரொம்ப எளிது. விழாக்களில் நாங்கள் விளையாடும் பாஸிங் தி பார்சல்தான். காலியான பேரீச்சம்பழ டப்பாவில் தங்கத் தாள் சுற்றி, இதுதான் பிளாட் என்றார் மாமா. புரோக்கர் வேஷம் அவருக்கு. டப்பாவை வாங்குகிறவர் யாரும் அதில் குடியிருக்கப் போவதில்லை. அடுத்தவரிடம் கூடுதல் விலைக்குத் தள்ளிவிட்டால் போதும். கையில் காசு இல்லையா, பேங்க் கொடுக்கும். பேங்காக நடித்த மூன்றாம் மாடி அங்கிளின் மடியில் டேப் ரெக்கார்டர். உன்னால் திருப்பித் தர முடியுமா என்று யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் நோட்டை நீட்டிக்கொண்டே பாட்டையும் அவர்தான் ஓட்டுவார். கடைசியில் அவருக்கே பயம் வந்து பாட்டை நிறுத்திவிடுவார். அப்போது டப்பா யார் கையில் இருக்கிறதோ அவர் மாட்டினார். பிற்பாடு காலேஜில் இதையே ஒரு வருஷம் பாடமாகப் படித்தேன், மாமா சொன்ன அளவுக்கு விளங்கவில்லை.

மாட்டிக்கொள்ளும் கடைசி ஆள் நான்தான். அப்பாவின் கோட்டு, மையில் வரைந்த மீசை. டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லியே, நான் யார்ட்ட போய்க் கேக்க?" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் மாமா பேசுவார். ஆனால் ஒத்திகையில் ஒருநாள்கூட அவர் அதைப் பேசிக் காட்டவில்லை. மிச்சத்தை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிடுவார். எனவே என்னோடு நாடகம் முடிந்துவிடுகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

விழா நடந்த ஸ்கூல் ஆடிட்டோரியத்தில் உட்கார இடமில்லை. வேலை போனவர்கள், போகப்போகிறவர்கள், எல்லோரும் சிரிப்பதற்கென்றே வந்தவர்களாகத் தெரிந்தார்கள். என் மீசைக்கே ஒரு சிரிப்பு கிடைத்தது. கோட்டுக் கை தரையைக் கூட்டியதற்கு இன்னொன்று. பாட்டு நின்றது. நான் டப்பாவைத் திறந்தேன். சபை சட்டென்று அமைதியாகிவிட்டது.

அந்த அமைதிக்காகத்தான் மாமா ஒரு மாதம் உழைத்திருந்தார். எனக்கோ அது பிடிக்கவே இல்லை. சிரிப்பை நிறுத்திவிட்டார்களே என்று இருந்தது. மூடியைத் திரும்ப மூடினேன். மேடைப் படியில் இறங்கி ஓடி, டப்பாவை அப்பாவின் மடியில் வைத்தேன்.

"சார், இத நீங்க வச்சுக்கோங்க. அடுத்த வாரம் வெல ஏறிரும்."

கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் அப்பாதான். டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கி நாலு பக்கமும் காட்டினார். நாடகம் முடிந்தது என்று நினைத்து யாரோ திரையை இழுத்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். மாமா புரோக்கர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்திருந்தார். திரை அவரை மறைத்துக்கொண்டு போனது.

டப்பாவை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து டிவி பக்கத்தில் வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். நாலாம் நாள் அவருடைய ஆபீஸில் யாரோ பேச்சுவாக்கில் அந்தக் கட்டடத்தின் கதையைச் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஹாலுக்கு வந்தார். நான் சாப்பாட்டு மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். கட்டடம் நின்றுபோனது உனக்கு எப்போது தெரியும் என்று மாமாவைக் கேட்டார். ஒரு மாதமாகத் தெரியும் என்றார் மாமா.

"ரூவா போனா போகட்டும் மாப்ள. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, அத்தன பேர் முன்னால பிள்ளய விட்டு என் மடியில அந்த டப்பாவ வைக்கச் சொல்லி, என்னயவே சிரிக்க வச்சேல்லா? நீதான சொல்லிக் குடுத்த?"

மாமா என்னைப் பார்த்தார். பென்சிலோடு உட்கார்ந்திருந்த என்னை ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"ஆமா அத்தான்."

அடுக்களை வாசலில் நின்ற அம்மா ஒன்றும் பேசவில்லை. பேசினால் தனக்கும் முன்பே தெரியும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அப்பா அதற்குப் பிறகு மாமாவிடம் பேசவே இல்லை. அம்மா என்னிடம் விஷயத்தை உடைத்த அன்றே, டப்பாவை மடியில் வைத்தது என் சொந்த வேலை என்று ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மாமாவின் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார். இதுவரை கூப்பிடவில்லை என்று மாமா சொல்கிறார். நான் கேட்ட மன்னிப்புக்கு, அதெல்லாம் பழைய கதை என்று சிரிக்கிறார்.

அந்தச் சண்டை நடந்த மாதமே மாமா சவுதியில், தம்மாமில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டார். கிளம்புகிற அன்று பெட்டியை வாசலில் வைத்துவிட்டு என் ரூம் கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை. அந்த வசனம் என்னுடையது. நானாக யோசித்து, நானாக ஓடி, நானாகச் சொன்னது. ஊரே கைதட்டியது எனக்கு. அதைப் போய்த் தான் சொல்லிக் கொடுத்ததாக அப்பாவிடம் சொல்லித் தனக்கு எடுத்துக்கொண்டாரே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

"ஏட்டி, மாமா போயிட்டு வாரேன்" என்றார் கதவுக்கு அந்தப் பக்கம்.

நான் உள்ளேயிருந்து கதவைப் பூட்டினேன், அவருக்குச் சத்தம் கேட்கட்டும் என்று.